நல்லேப்பிள்ளி வழி நடந்தோர்

மேற்கு மலைத் தொடரிலே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை தாழ்ந்து வழிவிட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டுக் காற்றும் மலையாளத்து மழையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் வாயில் அது. கோவை வட்டாரத்து மண்ணிலே ரோமாபுரிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருப்பதைக் கண்டவர், பண்டை நாளிலேயே இவ்வழியாக வாணிகம் நடந்தது என்பதை எளிதில் உணர்வர். ஐதர் அலி 1766-ஆம் ஆண்டு பாலக்காட்டிலே கோட்டை எழுப்பியதும் இவ்வாயிலைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வதற்கே. மிளகு சென்ற வழியும், படை சென்ற வழியும், பின்னாளில் பிழைப்பு நாடி நம் பாட்டன்மார் மாட்டு வண்டியேறி வந்த வழியும் இதுவே.

அவ்வழியிலே சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில் அமைந்த ஊர் நல்லேப்பிள்ளி. வயலும் பனையும் சூழ்ந்த இவ்வூரிலே தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். கடைப் பலகையில் ஒரு மொழியும் கடைக்காரர் வாயில் மற்றொரு மொழியும் வழங்குவது இங்கு வியப்பன்று. நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு இது சொந்த ஊர்; ஏனையோர்க்கு விடுமுறை தோறும் கடந்து செல்லும் ஊர். கடந்து செல்கிறோமே தவிர, இவ்வழியின் சரித்திரத்தை நின்று கேட்டிருக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சென்ற தை மாதத்தில் சங்கத்து நண்பர்கள் அறுவராய்ப் புறப்பட்டு, காலை முதல் மாலை வரை இவ்வழியை ஒரு முறை நின்று நின்று பார்த்து வந்தோம். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, அந்த ஒரு நாளையே எழுதுவது என்று துணிந்தோம். அரசரையும் படைத்தலைவரையும் பற்றி மலர்களில் நிரம்பவே எழுதியாயிற்று. இவ்வழியிலே நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களையும், அத்தடையை மீறி நடந்தவர்களையும் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. சித்தூர்ப் பகவதி கோயிலிலே ஆண்டுதோறும் மாசி மாதத்தையொட்டிக் கொங்கன் படை என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் படையெடுத்து வந்ததாகவும், பகவதியின் அருளால் ஊரார் அவனை வென்றதாகவும் கதை. விழாவிலே தோற்றோடும் கொங்கன் யார்? நாம்தாம்! ஆண்டுக்கு ஒரு முறை நம்மைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் காலை நம் கடையிலேயே வந்து இட்டிலி உண்ணும் சித்தூர்க்காரரின் பெருந்தன்மை வாழ்க. ஊருக்கு ஊர் நடந்த போர் இப்படி விழாவாகிச் சிரிப்பாகிவிட்டது. ஆனால் ஊருக்குள்ளேயே மனிதனுக்கும் மனிதனுக்கும் நடந்த போருக்கு விழாவும் இல்லை. வழிநெடுகத் தேடியும் ஒரு நடுகல்லும் எம் கண்ணில் படவில்லை.

1800-ஆம் ஆண்டின் இறுதியிலே பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து இக்கணவாய் வழியே பாலக்காடு வந்தார். மைசூர்ப் போரில் புதிதாகக் கைவந்த நாடுகளில் என்ன விளைகிறது, யார் உழைக்கிறார், வரி எவ்வளவு என்று கண்டெழுதக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. பாலக்காட்டு வயல்களில் பெரும்பகுதி வேலையைச் செய்வோர் செறுமர் என்னும் அடிமைகளே என்று அவர் எழுதிவைத்தார். நிலத்துக்கு எத்தனை வகை உரிமை உண்டோ அத்தனை வகையும் அம்மனிதர் மீதும் இருந்தது. ஜன்மம் என்றால் விற்பனை. காணம் என்றால் அடமானம். பாட்டம் என்றால் வாடகை. பாட்டத்துக்கு விட்ட ஆணுக்கு ஆண்டு வாடகை 8 பணம். பெண்ணுக்கு அதில் பாதி. ஜன்மம், காணம், பாட்டம் என்னும் சொற்களைப் பத்திரங்களில் நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அவை வயலைக் குறித்தது போலவே வயலில் நின்ற ஆளையும் குறித்த சொற்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கம்பெனி அரசு நியாயம் பேசியதோ என்றால், வரிப்பாக்கிக்காக நிலக்கிழாரின் சொத்தை ஏலமிடும்போது அடிமைகளையும் சேர்த்து ஏலமிட்ட அரசு அது. 1819-இல்தான் மலபாரில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. 1833-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றி, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வாடிய ஆப்பிரிக்க மக்களுக்கு விடுதலை என்று அறிவித்தபோது, கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு அச்சட்டம் செல்லாது என்று விலக்கும் எழுதிக்கொண்டது. அத்தீவுகளுக்குக் கிடைத்த சட்டம் பாலக்காட்டுக்குக் கிடைக்க மேலும் 10 ஆண்டுகள் ஆயின. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அது. அடிமைகளை விடுவித்தோம் என்று அது முழங்கவில்லை. ஒருவன் மற்றொருவனின் உடைமை என்னும் வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அவன் ஈட்டிய பொருளை அடிமை என்று காரணம் காட்டிப் பறிக்க இயலாது. அவனை அடித்தால் பிறரை அடித்ததற்குள்ள தண்டனையே உண்டு என்று மட்டும் சொல்லிற்று. சொன்னது சிறிதாயினும் அதன் பொருள் பெரிது.

இங்கேதான் நல்லேப்பிள்ளியின் சரித்திரம் தனித்து நிற்கிறது. இன்று நாம் பாலக்காட்டு மாவட்டம் என்று ஒரே பெயரால் வழங்கும் இந்நிலம் அன்று ஒரே ஆட்சியில் இருந்ததன்று. பாலக்காடு மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது, கம்பெனியின் நாடு. கிழக்கே பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அதுவும் கம்பெனியின் நாடு. இரண்டுக்கும் நடுவே சித்தூர்த் தாலுகா மட்டும் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கொச்சியின் ஏனைய பகுதிகளோடு ஒட்டாமல், நாற்புறமும் வெள்ளையர் நாடு சூழ, தீவு போல் கிடந்த தாலுகா அது. நல்லேப்பிள்ளி அத்தீவுக்குள் இருந்த கிராமம்.

1843-இன் சட்டம் கொச்சி மன்னரின் நாட்டில் செல்லாது. கொச்சியிலே அடிமை முறையை ஒழிக்கும் விளம்பரம் 1854-இல்தான் வந்தது. ஆக, 11 ஆண்டுக் காலம், கிழக்கே நடந்தாலும் மேற்கே நடந்தாலும் சட்டம் ஒருவனை மனிதன் என்றது. நடுவில் நல்லேப்பிள்ளியில் நின்றால் அவன் இன்னொருவனின் உடைமை. ஒரே மொழி பேசி, ஒரே தெய்வத்தை வணங்கி, ஒரே பாறைக்குளத்து நீரை நம்பி வாழ்ந்த மக்களுக்கிடையே, வரப்பு ஒன்றைத் தாண்டினால் விதி மாறியது. அந்த வரப்பு எது என்று தேடினோம். இன்று அங்கே கல்லும் இல்லை, பலகையும் இல்லை. கரும்பலகையில் எழுதி அழித்தாற்போல் எல்லை மறைந்துவிட்டது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் பிறந்தது. 1957 ஜனவரி 1-இல் பாலக்காடு மாவட்டம் அமைந்து, சித்தூரும் அதில் அடங்கிற்று.

வரப்பைத் தாண்டியவனுக்கு உடனே வாழ்வு மலர்ந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டா. கடனும், குடியிருந்த மண்ணும், வேறு கதியின்மையும் சங்கிலியாக நின்றன. பாலக்காட்டுப் பக்கத்துச் செறுமனும் பழைய வயலிலேயே பழைய நெல்லுக்குத்தான் உழைத்தான். ஆயினும், ஓடிப்போனவனைப் பிடித்துத் தருக என்று வழக்காட எசமானனுக்கு உரிமை இல்லாத ஊரும், அவ்வுரிமை உள்ள ஊரும் ஒன்றாகுமா? அவ்வாறு வரப்பைத் தாண்டிய ஒருவரின் பெயரையேனும் எழுதிவிடலாம் என்று ஆசைப்பட்டோம். பத்திரம் எழுதியவர்கள் எசமானர்களின் பெயரையே எழுதிவைத்தார்கள்.

சித்தூரை அடைந்ததும் தெக்கே கிராமத்துக்குச் சென்றோம். அங்கே சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. மலையாள மொழிக்குத் தந்தை என்று போற்றப்படும் அப்பெரியார், 16-ஆம் நூற்றாண்டில் தம் இறுதி நாட்களை இங்கே கழித்தார் என்பது மரபு; துயர் தீர்ப்பது என்று பொருள்படும் ஆற்றின் பெயரும் அவர் இட்டதே என்பர். அவருடைய குலம் எது என்பதில் அறிஞர்க்குள் பல கொள்கை உண்டு. மறை ஓத உரிமை மறுக்கப்பட்ட குலம் என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர். அவர் எழுதிய அத்தியாத்ம ராமாயணத்தை ஆடி மாதத்தில் மலையாள நாட்டு வீடுகள் பலவும் இன்று ஓதுகின்றன. நாம் சென்றபோது மடத்தில் ஓசையில்லை. ஆறு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கொச்சி சமஸ்தானத்தைப் பற்றிச் சொல்லும்போது மற்றொரு செய்தியையும் விடுதல் ஆகாது. 1913-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் புலையர் மக்கள் ஒரு கூட்டம் கூட்ட விரும்பினர். கரையிலே கூட இடமில்லை. அவர்கள் கால் பட்டால் தீட்டு. பண்டிதர் கருப்பனின் துணையோடு, கிருஷ்ணாதி ஆசான் முதலியோர் காயலிலே தோணிகளை ஒன்றோடொன்று கட்டி, நீர்மேல் மாநாடு நடத்தினர். மண்ணுக்குத் தீட்டு என்றவர்கள் நீருக்குத் தீட்டு விதிக்க மறந்துபோயினர்! இது நம் வழியில் நடந்ததன்றாயினும், சித்தூர்த் தாலுகாவை ஆண்ட அதே அரசின் கீழ் நடந்தது.

சித்தூரிலிருந்து பாலக்காடு வந்து, அங்கிருந்து கல்பாத்தி சென்றோம். இங்கேதான் எம் பேனா சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் கல்பாத்தி தமிழ் ஊர். தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய அந்தணர்களின் அக்கிரகாரம். விசுவநாத சுவாமி கோயில் 1425-ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் நடைபெறும் தேர்த்திருவிழா நாடறிந்தது. தமிழ்நாட்டை விட்டு வந்தும் கோலமும் திருப்பாட்டும் சங்கீதமும் குன்றாமல் காத்த தெரு இது. இடம்பெயர்ந்த தமிழர் சங்கம் எதுவாயினும் இத்தெருவை முன்னோடியாகக் கொண்டாடுவது இயல்பு. கேரள அரசும் இதனைப் பாரம்பரியக் கிராமம் என்று அறிவித்திருக்கிறது. அப்பாரம்பரியத்தில் 1924-உம் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் சென்னைச் சட்டசபையிலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எவற்றையும் சாதி இந்துக்களைப் போலவே எல்லோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. சீனிவாசன் செங்கற்பட்டுப் பக்கத்துத் தமிழர். தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்து 1893-இல் 'பறையன்' என்று பெயரிட்டே இதழ் நடத்திய துணிவாளர். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். இடம்பெயர்ந்த தமிழர் என்னும் பெயருக்கு அவரும் உரியவரே. வெள்ளையன் நடக்கும் நடைபாதையில் கறுப்பன் நடக்கலாகாது என்னும் நாட்டிலே வாழ்ந்து திரும்பியவர், தம் நாட்டுத் தெருவுக்காகச் சட்டசபையில் எழுந்து நின்றார்.

அவ்வாண்டு நவம்பரிலே கல்பாத்தித் தேர் வந்தது. பாலக்காட்டு ஈழவர் சிலர், தீர்மானத்தை நம்பி, தேர் பார்க்கத் தெருவுக்குள் நுழைந்தனர், அடித்து விரட்டப்பட்டனர். தெரு கோயிலுக்குரியது, அக்கிரகாரத்தாருக்குரியது என்பது ஒரு பக்கத்து வாதம். நகரசபையின் பணத்தால் பேணப்படும் தெரு எப்படித் தனியார் தெருவாகும் என்பது மறுபக்கத்து வாதம். ஆரிய சமாஜத்தார் வந்து ஈழவர் சிலரைத் தம் சமயப்பிரிவில் சேர்த்துக்கொண்டனர். நேற்றுவரை தெருவில் நடக்கக் கூடாதவன், பெயரை மாற்றிக்கொண்டால் நடக்கலாமா என்னும் புதிய கேள்வி எழுந்தது. கலகம் வருமென்று அஞ்சிய அதிகாரிகள் 144-ஆவது பிரிவின் கீழ்த் தடையுத்தரவு போட்டனர். நடக்கலாம் என்று சட்டசபை சொல்லிற்று. நடக்காதே என்று மாஜிஸ்திரேட்டு சொன்னார். தீர்மானம் வேறு, தெரு வேறு என்பதைக் கல்பாத்தி நாட்டுக்குக் காட்டிற்று. அதே ஆண்டு மார்ச்சு 30-இல் தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம் அப்போது தெற்கே நடந்துகொண்டிருந்தது. ஈரோட்டுப் பெரியார் அங்கே இருமுறை சிறை புகுந்ததை நம் அன்பர்கள் அறிவர். வைக்கம் அறிந்தவர் பலர்; பக்கத்திலுள்ள கல்பாத்தியை அறிந்தவர் சிலரே.

நாம் சென்ற நாளில் தெருவில் கூட்டமில்லை. தேர்கள் கொட்டகைக்குள் இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த மூதாட்டியார் எம்மைப் பார்த்து, எந்த ஊரென்று தமிழில் விசாரித்தார். நல்லேப்பிள்ளி என்றதும் குடிக்கத் தண்ணீர் தந்தார். எம்முடன் வந்தவருள் மூத்தவர், வயலிலும் சூளையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், செம்பை இரு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, தெருவின் கடைசிவரை மெல்ல நடந்து திரும்பி வந்தார். "எங்க அப்பாரு சந்தைக்கு வண்டி ஓட்டிட்டு வர்றப்ப, இந்தப் பக்கம் வராம ஆத்தோரமாத்தான் சுத்திப் போவாருங்களாம்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூதாட்டியார் செம்பை வாங்கிக்கொண்டு, "இன்னொரு வாய் குடிக்கறேளா?" என்று கேட்டார்.

அடைத்தவரும் தமிழர், திறக்கச் சொன்னவரும் தமிழர் என்று சொன்னோம். அக்கிரகாரத்துக்குள்ளிருந்தே வெளியேறித் திறந்தவரும் ஒருவர் உண்டு. டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் வழக்கறிஞர். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்தவர். 1923-இல் பாலக்காட்டிலே சரோஜினி நாயுடு தலைமையில் நடந்த கேரள அரசியல் மாநாட்டையொட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சமபந்தி விருந்து நடந்தது. அதில் முன்னின்ற ஐயரைச் சாதியார் விலக்கி வைத்தனர். விலக்கப்பட்டவர் வருந்தி மூலையில் அமரவில்லை. துணைவியார் ஈசுவரி அம்மாளோடு அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, தீண்டத்தகாதார் எனப்பட்ட வீட்டுப் பிள்ளைகளையும் பிற பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வளர்க்கத் தொடங்கினார். காட்டிலே கனி கொடுத்த வேடுவ மூதாட்டியின் பெயரை ஆசிரமத்துக்கு இட்டது பொருத்தமே. வைக்கத்திலும் அவர் சிறை சென்றார். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து பையனூருக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இவ்வாசிரமத்துக்கு வந்திருக்கிறார்.

ஈசுவரி அம்மாளைப் பற்றி நூல்கள் ஒரு வரியோடு நின்றுவிடுகின்றன. சாதி விலக்கின் சுமை சபையில் பேசும் ஆணை விட, அடுக்களையிலும் கிணற்றடியிலும் நிற்கும் பெண்ணின் மீதே மிகுதியாக விழும் என்பதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். பல சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே உலையில் சோறு வடித்த கை அந்த அம்மையாருடையது.

ஆசிரமத்தில் சில காலம் தங்கிப் பணியாற்றியவருள் ஒருவர் சுவாமி ஆனந்த தீர்த்தர். 1905-இல் தலச்சேரியில் உயர்குலத்துக் குடும்பத்தில் பிறந்து, நாராயண குருவிடம் துறவு பெற்று, பையனூரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்விக்கூடம் நிறுவியவர். நாடு விடுதலை பெற்ற பின் 1950-களில் தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கங்களிலே தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் பொதுக் குளங்களிலும் சமஉரிமைக்காகப் போராடிப் பலமுறை அடிபட்டார். தமிழரான ஐயர் மலையாள நாட்டிலே செய்ததை, மலையாளியான சுவாமி தமிழ்நாட்டிலே செய்தார். கணவாய் இருபுறமும் திறந்தே இருக்கிறது.

ஈண்டு அயல்நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு முதல் விக்டர் கிரீன் என்னும் கறுப்பினத் தபால்காரர் ஆண்டுதோறும் ஒரு கைந்நூல் வெளியிட்டு வந்தார். வழிப்பயணம் செல்லும் கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எந்தக் கடையில் சோறு கிடைக்கும், எங்கே அவமானமின்றி வண்டிக்கு எண்ணெய் நிரப்பலாம் என்று அதில் எழுதியிருக்கும். 1964-இல் சமஉரிமைச் சட்டம் வந்த பின் சில ஆண்டுகளில் அந்நூல் நின்றது. அதில் சொல்லிய விடுதிகளையும், அம்மக்கள் அணிவகுத்து நடந்த சாலைகளையும் இன்று அந்நாட்டார் நினைவிடங்களாகக் காத்து, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகின்றனர். நம் வழிக்கு அப்படி ஒரு கைந்நூலை 1924-இல் யாரேனும் எழுதியிருந்தால், அதில் எத்தனை தண்ணீர்ப் பந்தல் தேறியிருக்கும்?

அம்மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்ட மாணவர் பயிலும் பள்ளி ஒன்றிலே தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் எண்ணிப் பார்த்து, ஆம், நானும் என் மக்களும் அத்தகையோரே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டதாகவும் 1965-இல் ஒரு சொற்பொழிவில் அவரே கூறினார்.

திரும்பும் வழியில் பெருமாட்டி ஊராட்சிக்குட்பட்ட பிளாச்சிமடைக்குச் சென்றோம். சித்தூர்த் தாலுகாவிலே தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர். மழை மறைவுப் பகுதி; கிணற்றை நம்பி வாழும் மண். அங்கே எரவாளர் என்னும் பழங்குடி மக்களும், வயற்கூலியால் வாழும் ஏனைய ஏழை மக்களும் இருக்கின்றனர். 2000-ஆம் ஆண்டு கோக்க கோலா நிறுவனத்தார் அங்கே பெருந்தொழிற்சாலை தொடங்கி, ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை எடுத்தனர். ஓரிரு ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் குறைந்தது; இருந்த நீரும் குடிக்கவும் சமைக்கவும் ஒவ்வாததாயிற்று என்று மக்கள் முறையிட்டனர்.

மயிலம்மா எரவாளர் குலத்துப் பெண்மணி. பள்ளிக்கூட வாசலை மிதியாதவர், கைம்பெண், கூலிக்குச் சென்று பிழைத்தவர். 2002 ஏப்ரல் 22-இல் தொழிற்சாலையின் வாயிலுக்கெதிரே பந்தலிட்டு மக்கள் அறப்போர் தொடங்கினர். சி. கே. ஜானு அதனைத் தொடங்கிவைத்தார். மயிலம்மா அப்பந்தலின் உயிராக விளங்கினார். கூலிக்குப் போகாத நாள் அடுப்பெரியாத நாள். ஆயினும் பந்தலை விட்டு அவர் எழவில்லை. 2003-இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2004 ஜனவரியில் பல நாட்டு அறிஞர்கள் கூடிய உலகத் தண்ணீர் மாநாடு இச்சிற்றூரிலே நடந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. பின்னர் அது நிலையாக இயங்கவே இல்லை. மயிலம்மா 2007 ஜனவரி 6-இல் மறைந்தார்.

கல்பாத்தியில் தெரு; பிளாச்சிமடையில் நீர். இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்தில் பாதைக்குப் பக்கத்திலேயே கிணறும் குளமும் எழுதப்பட்டிருந்ததை வாசகர் கவனித்திருப்பர். 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு இம்மக்களுக்கு நேர்ந்த இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஈட்டுத்தொகைக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011-இல் சட்டசபை நிறைவேற்றியது. அம்மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே திரும்பியது.

இவ்வட்டாரத்திலே எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் யாரும் மகிழ்ந்துவிட இயலாது. பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் கோவிந்தாபுரம் இருக்கிறது. அங்குள்ள அம்பேத்கர் காலனியில் வாழும் தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, குடிநீருக்குத் தனிக் குழாய் என்று 2017-ஆம் ஆண்டு முறையிட்டதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அப்படி ஒன்றும் இல்லையென்று மறுத்தவரும் இருந்தனர். அங்கே கூலி வேலைக்குச் செல்வோர் நம் மொழி பேசுவோர். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் அக்காலனியிலிருந்து ஒரு பெயரும் இல்லை. ஏன் இல்லை என்று நிர்வாகக் குழுவில் கேட்டபோது, யாரும் சேர வரவில்லை என்றனர். நாம் சென்று அழைத்தோமா என்று கேட்டதற்கு விடை இல்லை. கேட்டவர்களுள் நாமும் இருந்தோம். அழைக்காதவர்களுள்ளும் நாம் இருந்தோம்.

பிளாச்சிமடையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. மூடிய தொழிற்சாலைக் கட்டடத்திலே 2021-இல் கொரோனா நோயாளிகளுக்காகப் படுக்கைகள் போடப்பட்டன என்று ஊரார் சொன்னார்கள். எதிரே பந்தல் இருந்த இடத்தைக் காட்டினார்கள். எம் மூத்த நண்பர் அங்கிருந்த பெண் ஒருத்தியிடம், "கெணத்துத் தண்ணி இப்பக் குடிக்கலாமா அம்மணி?" என்று கேட்டார். குடிக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடிப்பதாகவும், கிணற்று நீர் பாத்திரம் கழுவ மட்டும் என்றும் அவள் கூறினாள். வண்டி வரும்வரை நிழலில் அமருமாறு சொல்லி, உள்ளே சென்று ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தாள்.